கூட்டத்தோடு கடலுக்குள் போவதா, தனியாகவா: ஒரு காரைக்குடிக் கணக்கு

பள்ளத்தூரில் வளர்ந்து இப்போது சென்னையில் வேலை பார்க்கும் என் அக்கா மகள் போன வாரம் போன் பண்ணினாள். "சித்தி, அந்தமானுக்கு ஸ்கூபா டைவிங் பண்ண ஒரு குரூப் போறாங்க. ஏழு நாள், எட்டு டைவ், 58,000 கேக்குறாங்க. டைவிங் கோர்ஸ் முடிக்கலைன்னா அங்கேயே முடிச்சிக்கலாமாம், அதுக்குத் தனியாக் காசு. சேரட்டுமா, இல்ல நானே டிக்கெட் போட்டுப் போயிரட்டுமா?"

முதுகில் சிலிண்டரைக் கட்டி அதன் காற்றை இழுத்துக்கொண்டு கடலுக்கடியில் நீந்துவதுதான் ஸ்கூபா, அவள் இன்னும் அப்படி ஒரு தரம்கூட இறங்கியதில்லை. நீச்சல் தெரியும், எங்கள் வீட்டுப் பிள்ளைகள் எல்லாரையும் போலக் கண்மாயில் கற்றது. ஊருணியில் காலை நனைத்தால் அப்பத்தா தோலை உரித்துவிடுவார், அது குடிக்கிற தண்ணீர். ஆகவே நீட்டிய கை தெரியாத செம்மண் தண்ணீரில்தான் எங்கள் நீச்சலெல்லாம். அந்தமானின் ஹேவ்லாக் தீவில் முதல் தடவை தலையைத் தண்ணீருக்குள் விட்டு, பதினைந்து மீட்டர் தள்ளி நிற்கிற ஆள் விரலை மடக்குவது தெரிந்தபோது நான் கொஞ்ச நேரம் மூச்சு விடவே மறந்துவிட்டேன். ஸ்கூபாவில் செய்யவே கூடாத முதல் காரியம் அதுதான் என்று அன்று சாயங்காலம் திட்டு வாங்கினேன்.

போனில் அவளுக்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. நான் கோர்ஸைத் தனியாகப் போய் முடித்தவள், அப்புறம் குரூப்போடு ஒரு தடவை, மறுபடி தனியாக ஒரு தடவை, திரிகோணமலைக்குச் சிநேகிதியோடு ஒரு தடவை என்று போய் வந்தவள். காரைக்குடியில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் கணக்கு எழுதுவது என் பிழைப்பு என்பதால் ஒவ்வொரு பயணத்தின் பில்லும் கவருக்குள் இருக்கிறது. அதையெல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு, ரங்கூனுக்கும் கொழும்புக்கும் கொண்டுவிக்க, அதாவது வியாபாரத்துக்கு, போன எங்கள் ஐயாக்கள் ஐந்தொகை போட்டதுபோல ஒரு தாளில் இறக்கிப் பார்த்தேன். அதைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மீதியைப் படிக்கப் பொறுமை இல்லாதவர்களுக்காக. கோர்ஸைத் தனியாகப் போய்ப் படி. கையில் சான்றிதழ் வந்த பிறகு போகும் முதல் பயணத்தைக் குரூப்போடு போ. அப்புறம் உன் இஷ்டம். பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: பயமாக இருக்கிறது என்று கோர்ஸுக்குக் கூட்டத்தோடு போய்விட்டு, தைரியம் வந்துவிட்டது என்று அடுத்த பயணத்தைத் தனியாகப் போடுகிறார்கள். ரொம்பத் தேவைப்படும் நேரத்தில் தெரிந்த ஆள் யாரும் பக்கத்தில் இல்லாமல் போவது அப்படித்தான்.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். தனியாகப் போவது என்றால் தனியாக டைவ் அடிப்பது என்று அர்த்தம் இல்லை. அக்கா அப்படி நினைத்துக்கொண்டு ராத்திரி பதினோரு மணிக்கு எனக்குப் போன் போட்டாள். தனி என்பதெல்லாம் கரை வரைக்கும்தான். தண்ணீருக்குள் எப்போதும் ஒரு ஜோடி உண்டு, முன்னால் ஒரு கைடு உண்டு. வித்தியாசம், அந்த ஜோடி உனக்கு ஏற்கனவே தெரிந்த ஆளா, அன்று காலை படகில் பேர் கேட்டுக்கொண்ட ஆளா என்பதில் இருக்கிறது.

சரி, பணத்துக்கு வருவோம், எல்லாரும் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள். 2022 பிப்ரவரியில் குரூப்போடு போனேன். விமான டிக்கெட் தவிர 54,000. அதில் இருவர் தங்கும் அறையில் ஆறு ராத்திரி, காலைச் சாப்பாடு, போர்ட் பிளேரிலிருந்து ஹேவ்லாக் போய்வரும் படகு, எட்டு டைவ், சிலிண்டரிலிருந்து காலில் மாட்டும் ஃபின் வரைக்கும் எல்லாச் சாமானும் அடக்கம். மதியச் சாப்பாடும் ராத்திரிச் சாப்பாடும் நம் கைக்காசு, அது 5,500 ஆனது. படகில் வேலை பார்த்த பையன்களுக்குக் கொடுத்ததும், எல்லாரும் வாங்குகிறார்களே என்று நானும் வாங்கிய, இதுவரை ஒரு தடவைகூடப் போடாத டி-ஷர்ட்டும் சேர்த்து 1,500. ஆக 61,000.

2023 மார்ச்சில் நானே ஏற்பாடு செய்துகொண்டு அதே ஊருக்குப் போனேன். ஹேவ்லாக்கில் ஐந்து ராத்திரி, 2,200 வீதம் 11,000. படகு போகவர 3,200. திரும்பும்போது போர்ட் பிளேரில் ஒரு ராத்திரிக்கு 2,000. சாப்பாடு, ஆட்டோ, வாடகை ஸ்கூட்டர் 6,500. நாளுக்கு இரண்டு டைவ், 6,500 வீதம் நாலு நாளுக்கு 26,000. கூட்டினால் 48,700. குரூப்பைவிட 12,300 குறைவு. இப்போது எல்லாமே கூடியிருக்கும், போர்ட் பிளேருக்கும் ஸ்ரீ விஜயபுரம் என்று பேர் மாற்றிவிட்டார்கள், ஆகவே தொகையை விட்டுவிட்டு வித்தியாசத்தை மட்டும் பாருங்கள்.

இதில் பில்லில் வராத செலவும் இருக்கிறது. குரூப்புக்குப் பாதிப் பணம், 27,000, ஐந்து மாதம் முன்னாலேயே கட்டினேன். நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி போட்டாலும் 1,350. எங்கள் ஊரில் இதைக்கூடக் கணக்கில் சேர்க்கவில்லை என்றால் சிரிப்பார்கள். அதைவிடப் பெரிய ஓட்டை விமான டிக்கெட். பத்துப் பேர் சேர்ந்தால்தான் பயணம் உறுதி என்று சொல்லியிருந்தார்கள், பத்தாவது ஆள் சேரும் வரைக்கும் டிக்கெட் எடுக்க முடியவில்லை, அதற்குள் சென்னையிலிருந்து போகும் விலை நாலாயிரம் ஏறிவிட்டது. நமக்குக் காரைக்குடியிலிருந்து ராத்திரி ரயிலைப் பிடித்துச் சென்னை போய், அங்கிருந்து காலை விமானம் என்று இரண்டு டிக்கெட்டும் ஒன்றோடொன்று ஒட்ட வேண்டும். ஒன்று தாமதமானால் இன்னொன்றும் இழுத்துக்கொண்டு போகும்.

ஆனால் உண்மையான வித்தியாசம் இதில் எதிலும் இல்லை, எத்தனை டைவ் போட்டேன் என்பதில் இருக்கிறது. குரூப்பில் எட்டுக்குப் பணம் கட்டி ஐந்துதான் போட்டேன். விட்டுப்போன மூன்றுக்கு ஒரு காசு திரும்பவில்லை. ஒரு டைவுக்கு 12,200. தனியாகப் போனபோது எட்டுக்குப் பணம் எடுத்து வைத்துக்கொண்டு போய் ஆறு போட்டேன், போடாத இரண்டுக்கான 6,500 என் பையிலேயே இருந்தது. 42,200-ஐ ஆறால் வகுத்தால் ஒரு டைவுக்கு 7,033.

ஏன் ஐந்து என்று சொல்ல வேண்டும். குரூப் போன மூன்றாம் நாள் காலையில் எனக்கு மூக்கு அடைத்திருந்தது. முந்தின ராத்திரி ஏசி, அறைத் தோழிக்கு அது பதினெட்டில் ஓட வேண்டும். படகு ஒன்றுதான், அதில் கைடுகளோடு சேர்த்துப் பதினாலு பேர், எல்லாரும் வெட்சூட் போட்டு உட்கார்ந்தாயிற்று. நான் வரவில்லை என்று சொன்னால் யாரும் அடித்திருக்க மாட்டார்கள். ஆனால் என் ஜோடிக்கு வேறு ஆள் தேட வேண்டும், வரிசை மாற வேண்டும், 'அச்சச்சோ, ஏன்?' என்று பதினாலு பேருக்கும் பதில் சொல்ல வேண்டும். பரவாயில்லை, இறங்கினால் சரியாகிவிடும் என்று இறங்கினேன்.

சரியாகவில்லை. தரையில் நம்மேல் இருக்கும் காற்றழுத்தம் ஒரு மடங்கு என்றால் பத்து மீட்டர் ஆழத்தில் அது இரண்டு மடங்கு, இருபதில் மூன்று, முப்பதில் நாலு. கணக்கைப் பார்த்தால் தெரியும்: இருபதிலிருந்து முப்பதுக்கு இறங்குவதைவிட முதல் பத்து மீட்டரில்தான் காதுக்கு மாற்றம் அதிகம், அழுத்தம் அங்கேயே இரட்டிப்பாகிவிடுகிறது. மூக்கைப் பிடித்து மெதுவாக ஊதிக் காதைச் சமன்படுத்திக்கொண்டே இறங்க வேண்டும், சளி இருந்தால் அந்த வழி அடைத்துக்கொள்ளும். நாலு மீட்டரில் வலது காதில் ஊசி குத்தியது. கொஞ்சம் மேலே ஏறி மறுபடி முயற்சி செய்திருக்க வேண்டும், முடியாவிட்டால் கைடுக்குச் சைகை காட்டிவிட்டு மேலே வந்திருக்க வேண்டும். கீழே பதினோரு பேர் எனக்காகக் காத்திருக்கிறார்கள் என்ற நினைப்பில் பல்லைக் கடித்துக்கொண்டு பலமாக ஊதினேன். டக் என்று ஒரு சத்தம், வலி குறைந்தது, சந்தோஷமாக டைவை முடித்தேன். மத்தியானம் காது அடைத்து, ராத்திரி மறுபடி வலி எடுத்து, மறுநாள் டாக்டர் பார்த்துவிட்டு இனி இந்தப் பயணத்தில் தண்ணீர் கிடையாது என்று சொல்லிவிட்டார்.

குரூப் தலைவர் மேல் நான் குறை சொல்ல மாட்டேன், அவரிடம் நான் சளி என்று சொல்லவே இல்லை. ஆனால் கூட்டத்தோடு போவதில் எந்த விளம்பரத்திலும் வராத விலை இது. வேண்டாம் என்று சொல்வதற்குக் கூட்டத்தில் கூச்சம் அதிகம். தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்குக் காவடியோடு நடந்தவர்களுக்கு இது சொல்லாமலே புரியும். கூட்டத்தோடு நடந்தால் சாப்பாடு நேரத்துக்குக் கிடைக்கும், தங்க இடம் இருக்கும், தூக்கம் வந்தாலும் கால் தானாக நடக்கும், ஆனால் உன் கால் கொப்புளத்துக்காகக் காவடி நிற்காது.

தனியாகப் போனபோது இரண்டாம் நாள் சாயங்காலம் தும்மல் வந்தது. டைவ் கடைக்குப் போய், நாளைக்கு எனக்கு வேண்டாம் என்றேன். நோட்டில் என் பேரை அடித்துவிட்டு, சரி, நாளன்றைக்குப் பார்க்கலாம் என்றார்கள். அவ்வளவுதான். மறுநாள் ராதாநகர் கடற்கரையில் மர நிழலில் படுத்துக் கிடந்தேன். அந்த ஆறு டைவில் ஒன்றிலும் காது வலிக்கவில்லை.

இப்படியே எழுதிக்கொண்டு போனால் குரூப்பே வேண்டாம் என்று சொல்வதுபோல ஆகிவிடும், அது நேர்மையான கணக்கு இல்லை. 2023-ல் நான் நன்றாக டைவ் அடித்ததற்குக் காரணமே 2022. கோர்ஸ் முடித்தபோது எனக்கு இடுப்பில் எட்டுக் கிலோ ஈயம் கட்டியிருந்தார்கள். புதுசாகப் படிப்பவர்கள் மேலே மிதந்துவிடாமல் இருக்கக் கொஞ்சம் கூடக் கட்டுவது வழக்கம். நான் அதுதான் என் எடை என்று நினைத்து லாக் புக்கில் எழுதி வைத்துக்கொண்டேன். குரூப்போடு வந்த இன்ஸ்ட்ரக்டர் முதல் நாள் முழுக்க என் பின்னால் நீந்தி வந்து பார்த்துவிட்டு, சாயங்காலம் படகுத்துறைக்குப் பக்கத்தில் டீக்கடையில் வைத்து, "மேடம், நீங்க கல்லைக் கட்டிக்கிட்டு அதைத் தூக்க ஜாக்கெட்டுல காத்தை அடைச்சிக்கிட்டு, அப்புறம் ரெண்டோடயும் சண்டை போட்டுக்கிட்டே போறீங்க" என்றார். மறுநாள் ஐந்து கிலோ. 32 நிமிடத்தில் தீர்ந்துகொண்டிருந்த காற்று 41 நிமிடம் வந்தது. தனியாகப் போயிருந்தால் கடையில் எடை எவ்வளவு என்று கேட்பார்கள், எட்டு என்பேன், எட்டைக் கட்டிவிடுவார்கள். இரண்டு மூன்று நாள் ஒரே ஆள் நம்மைத் தொடர்ந்து பார்ப்பதற்குத்தான் அந்தப் பன்னிரண்டாயிரத்தில் பெரும்பங்கு, அது அந்த நேரத்தில் எனக்கு மலிவு.

அதனால்தான் சான்றிதழுக்குப் பிறகு வரும் முதல் பயணத்தைக் குரூப்போடு போ என்கிறேன். சான்றிதழ் கையில் வந்த அன்று உனக்கு வெறும் நாலு திறந்தகடல் டைவ்தான் அனுபவம். அதை வைத்துக்கொண்டு 18 மீட்டர் வரை போகலாம் என்று அட்டை சொல்கிறது. அட்டைக்கும் உடம்புக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியை நிரப்பத் தெரிந்த ஆள் ஒருவர் வேண்டும். குரூப் என்று நான் சொல்வதும் அப்படிப்பட்ட இன்ஸ்ட்ரக்டர் கூடவே வரும் குரூப்பைத்தான். டூர் நடத்துகிறவர் படகில் உட்கார்ந்து போட்டோ மட்டும் எடுப்பார், தண்ணீருக்குள் உள்ளூர்க் கடை ஆள்தான் வருவார் என்றால், அது ஹோட்டல் புக்கிங்குக்குக் கொடுக்கும் கமிஷன்.

கோர்ஸை ஏன் தனியாக என்கிறேன்? இந்தச் சான்றிதழைத் தரும் பி.ஏ.டி.ஐ. அமைப்பின் விதிப்படியே ஒரு இன்ஸ்ட்ரக்டர் கடலில் எட்டு மாணவர்கள் வரை கூட்டிப் போகலாம். எட்டுப் பேர் வரிசையாக மணலில் முட்டி போட்டு உட்கார்ந்து, ஒவ்வொருவராக மாஸ்க்கில் தண்ணீர் விட்டு அதை மூக்கால் ஊதி வெளியேற்றிக் காட்ட வேண்டும். உன் முறை வரும்போது ஏழு ஜோடிக் கண் உன்னையே பார்க்கும். எனக்கு அந்த மாஸ்க் பாடம் மூன்று தடவை தோற்று நாலாவதில் வந்தது, என்னோடு படித்தது ஒரே ஒரு பையன் என்பதால் இன்ஸ்ட்ரக்டருக்கு அவசரம் இல்லை. எட்டுப் பேர் இருந்திருந்தால் மூன்றாவதிலேயே 'ஓகே' என்று கையைக் காட்டிவிட்டு அடுத்த ஆளுக்குப் போயிருக்கலாம். கோர்ஸுக்கு மூன்று நாலு நாள் ஆகும், 200 மீட்டர் நீந்திக் காட்ட வேண்டும், பத்து நிமிடம் மிதந்து காட்ட வேண்டும். அதைக் குரூப் பயணத்தின் நடுவில் செருகினால், மற்றவர்கள் பவளப்பாறை பார்க்கப் போகும் படகில் நீ பாடம் படிக்கப் போவாய், அவர்கள் அட்டவணைதான் உன் அட்டவணை. அக்கா மகளுக்கு வந்த 58,000-ல் எனக்கு உறுத்தியதே அதுதான். எட்டு டைவுக்குக் காசு, அதில் பாதி நாள் கோர்ஸுக்குப் போய்விடும், கோர்ஸுக்குத் தனிக் காசு. ஒரே நாளை இரண்டு தடவை விற்கிறார்கள்.

கோர்ஸின் பாடப் பகுதியை வீட்டிலிருந்தே ஆன்லைனில் படித்துவிடலாம். நீச்சல்குளப் பயிற்சியைச் சென்னையிலோ பாண்டிச்சேரியிலோ முடித்துவிட்டு, கடல் டைவை மட்டும் அந்தமானில் போடவும் வழி இருக்கிறது. அவள் சென்னையில் இருப்பதால் இரண்டு வாரக் கடைசியில் இது நடக்கும்.

காற்று விஷயம் ஒன்று பாக்கி. சிலிண்டர் 200 பாரில் (பார் என்பது காற்றழுத்த அளவு) தொடங்கும், 50 பார் மிச்சம் இருக்கும்போது மேலே இருக்க வேண்டும், ஏறும் வழியில் ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நிற்க வேண்டும். குரூப்பில் யாருக்கு முதலில் காற்று குறைகிறதோ அவரோடு சேர்த்துப் பெரும்பாலும் எல்லாரும் மேலே வருவார்கள். முதல் இரண்டு நாள் அந்த ஆள் நான்தான், என்னால் பலருக்குப் பத்து நிமிடம் போனது, அவர்கள் முகத்தைப் படகில் பார்த்தேன். 2023-ல் அது எனக்குத் திரும்பியது, நல்லவிதமாக. நான், கைடு, புனேயிலிருந்து வந்த ஒரு பெண்மணி, மூன்றே பேர். பன்னிரண்டு மீட்டரில் ஒரு பாறை இடுக்கில் பேய்க்கணவாய், அதாவது ஆக்டோபஸ். முதலில் பாறை என்றுதான் நினைத்தேன், அப்புறம் பாறை மூச்சு விட்டது. கைடு கையை மடக்கி நிற்கச் சொன்னார். ஒன்பது நிமிடம் அங்கேயே மிதந்தோம். அது முதலில் எங்களைப் பார்த்து வெளுத்தது, பிறகு பழுப்பானது, மேலே முள்முள்ளாகத் தோல் எழும்பி அடங்கியது, ஒரு கையை மட்டும் வெளியே நீட்டி ஒரு சிப்பியை வாசலுக்கு இழுத்து வைத்துக்கொண்டது, கதவைச் சாத்துவதுபோல. பன்னிரண்டு பேர் கூட்டத்தில் ஒருத்தருக்கு இருபது விநாடி கிடைத்திருக்கும், அதற்குள் யாராவது ஃபினால் மணலைக் கிளப்பியிருப்பார்கள்.

அதே பயணத்தில்தான் தனியாகப் போவதன் இன்னொரு பக்கத்தையும் பார்த்தேன். கடைசி நாள் அந்தப் பெண்மணி கிளம்பிவிட, படகில் எனக்கு ஜோடியாக ஒரு இளைஞரைப் போட்டார்கள். நூறு டைவ் போட்டவராம், மாலத்தீவு, பாலி எல்லாம் பார்த்தவராம். இறங்குவதற்கு முன் ஒருவர் சாமானை மற்றவர் சரிபார்ப்பது முறை, அவர் அதைச் சிரித்துக்கொண்டே தட்டிக்கழிக்கப் பார்த்தார். விடாமல், மூச்சு இழுங்க, முள்ளைப் பார்க்கிறேன் என்றேன். இழுத்தார். அழுத்தமானியின் முள் ஒவ்வொரு இழுப்புக்கும் கீழே விழுந்து மறுபடி ஏறியது. சிலிண்டர் வால்வு முழுசாகத் திறக்கவில்லை என்றால்தான் அப்படி ஆடும், மேலே மூச்சு வரும், ஆழத்தில் அழுத்தம் கூடக்கூட வராது. கைடைக் கூப்பிட்டுத் திறந்தோம். குரூப்பில் மூன்று நாளும் ஒரே ஜோடி, அவர் எதை மறப்பார் என்று எனக்குத் தெரியும், நான் எதை மறப்பேன் என்று அவருக்குத் தெரியும். தனியாகப் போனால் ஒவ்வொரு காலையும் அதைப் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டும், அதற்குக் கொஞ்சம் வாயும் வேண்டும்.

கடையைத் தேர்ந்தெடுக்கும் வேலையும் உன் தலையில் விழும். நான் போனிலேயே மூன்று கேள்வி கேட்பேன்: ஒரு கைடு கீழ் எத்தனை பேர், படகில் ஆக்சிஜன் இருக்கிறதா, அன்றைக்குக் கடல் சரியில்லை என்றால் பணம் என்ன ஆகும். பதில் சொல்ல யோசிக்கிற இடத்துக்குப் போவதில்லை. உடல்நலக் கேள்வித்தாள் ஒன்று தருவார்கள், ஆஸ்துமா, காது ஆபரேஷன், இதய நோய் எல்லாம் அதில் வரும். சில கேள்விகளுக்கு 'ஆம்' என்று எழுதினால் டாக்டர் கையெழுத்து கேட்பார்கள், ஊரிலேயே வாங்கிக்கொண்டு போவது நல்லது. எல்லாத்துக்கும் 'இல்லை' போடுங்க என்று யாராவது சொன்னால் அந்தக் கடையை விட்டு வெளியே வந்துவிட வேண்டும். இதையெல்லாம் விசாரிக்க எனக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமை போனது, அதற்குக் கூலி போட்டால் 12,300 இன்னும் சுருங்கும்.

வீட்டுக் கணக்கு ஒன்றும் இருக்கிறது, ஆண்கள் எழுதும் ஒப்பீடுகளில் இது வருவதே இல்லை. எங்கள் பக்கத்தில் ஒரு பெண் வெளியூர் கிளம்பினால் முதல் கேள்வி எங்கே என்பது இல்லை, "யாரோட போறே?" என்பதுதான். குரூப் என்றால் அதற்கு ஒரு பதில் கிடைக்கிறது, பத்துப் பேர், அதில் நாலு பொம்பளைங்க என்று. என் வீட்டுக்காரருக்குத் தண்ணீர் ஆகாது, ஆகவே 2023-ல் நான் மட்டும் கிளம்பியபோது மாமியார் ஒரு வாரம் பேசவில்லை. குரூப்புக்குக் கூடக் கொடுக்கும் காசில் ஒரு பகுதி இந்த நிம்மதிக்கான விலை, அதை வீண் என்று நான் சொல்ல மாட்டேன். ஹேவ்லாக் எனக்குத் தனியாக நடமாடச் சிரமமில்லாத ஊராகத்தான் இருந்தது.

இடத்தைப் பொறுத்தும் கணக்கு மாறும். லட்சத்தீவுக்கு நம் ஆட்களுக்கும் நுழைவு அனுமதி வேண்டும், அந்த அலைச்சலுக்குக் குரூப்போ பேக்கேஜோதான் லாபம். மாலத்தீவில் ஒரு வாரம் படகிலேயே தங்கி டைவ் அடிப்பது எப்படியும் கூட்டம்தான், நீரோட்டம் வேகமான இடங்கள், முப்பது மீட்டருக்குக் கீழே போக அந்த நாட்டுச் சட்டமே விடாது, பல படகுகள் அட்வான்ஸ்டு சான்றிதழ் கேட்கும். அவளுக்கு அது இன்னும் மூன்று வருடம் கழித்து.

திரிகோணமலைக்கு மட்டும் குரூப்புக்குக் காசு கொடுக்காதே என்று அடித்துச் சொல்வேன். திருச்சியில் ஏறினால் சுமார் ஒரு மணி நேரத்தில் கொழும்பு. செட்டியார் தெருவில் கதிரேசன் கோயிலுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, ரயிலிலோ வேனிலோ கிழக்கே போனால் நிலாவெளி, அங்கிருந்து படகில் சிறிது நேரத்தில் புறாத்தீவு. கடைக்காரரிடமும் படகுக்காரரிடமும் தமிழிலேயே பேசலாம், பேரம்கூடப் பேசலாம், "அம்மா, இண்டைக்குக் கடல் கலங்கிக் கிடக்கு, நாளைக்கு வாங்கோ" என்று அவரே சொல்லிவிடுவார். அந்தமானில் சைகையும் இங்கிலீஷும் கலந்து பேசிவந்த எனக்கு, அப்படி ஒருவர் சொன்னதும் பாதிப் பயம் போய்விட்டது. ஒன்று, அங்கே கடல் நன்றாக இருப்பது மே முதல் செப்டம்பர் வரை. அந்தமான் அதற்கு மாறு, ஜனவரி முதல் ஏப்ரல் வரை நல்லது. டிசம்பர் லீவில் அந்தமான் என்று திட்டம் போடுபவர்கள் விலையும் கூடக் கொடுத்து, வங்காள விரிகுடாப் புயலையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

தனியாகப் போகிறவர்கள் செய்யும் ஒரு தப்பு, கடைசி நாள் காலையும் டைவ் போட்டுவிட்டு அன்றே விமானம் ஏறப் பார்ப்பது. உடம்பில் கரைந்திருக்கும் நைட்ரஜன் வெளியேற நேரம் வேண்டும், ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், பல நாள் தொடர்ந்து போட்டிருந்தால் 18 மணி நேரம் என்று டைவிங் பாதுகாப்பைக் கவனிக்கும் அமைப்பான டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் சொல்கிறது, நான் ஒரு முழு நாள் விடுவேன். குரூப்பில் இதை அட்டவணையே பார்த்துக்கொள்ளும். சாதாரணப் பயணக் காப்பீட்டில் ஸ்கூபாவை விலக்கி வைத்திருப்பார்கள், சிறு எழுத்தைப் படித்துவிட்டு டைவிங்குக்கென்று தனியாக எடுக்க வேண்டும், இது இரண்டு வகைக்கும் பொது.

ஞாயிற்றுக்கிழமை அக்கா மகள் கிளம்பி வந்தாள். தாளைக் காட்டினேன். முழுசாகப் படித்துவிட்டு, "அப்ப ஃபிப்ரவரில கோர்ஸ் மட்டும், அடுத்த வருஷம் குரூப்" என்றாள். மாஸ்க் மட்டும் சொந்தமாக வாங்கு, மீதியெல்லாம் வாடகை போதும் என்று சொல்லி, வாங்கும் வரைக்கும் வைத்துக்கொள்ளட்டும் என்று என் பழையதைக் கொடுத்தேன். பட்டையை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் இழுக்கச் சொன்னேன், கையை எடுத்தாலும் விழாமல் ஒட்டி நின்றால் அளவு சரி. இழுத்தாள், விழுந்தது. மறுபடி இழுத்தாள், மறுபடி விழுந்தது. அவளுக்கு அவள் அப்பா முகம், கன்னம் ஒட்டினது. சென்னையில் கடைக்கே போய் நாலைந்தைப் போட்டுப் பார்த்து வாங்கு, ஆன்லைனில் வேண்டாம், புதுசை உள்பக்கம் பற்பசை போட்டுத் தேய்த்துக் கழுவு, இல்லாவிட்டால் பனி படர்ந்து ஒன்றும் தெரியாது என்றேன்.

வளவில் தூணில் சாய்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த அப்பத்தா, "எங்கே போறா?" என்று கேட்டார். அந்தமான் என்றேன்.

"யாரோட?"